பெயின்ட்டுக்கு அடியில்

பெயின்ட்டுக்கு முன் துருவைத் தடுக்கும் பிரைமர் அடித்துவிட்டதாக என் சொந்த அண்ணன் ஏன் பொய் சொன்னார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வேறு இடம் பார்க்கலாம் என்ற கணவரை மீறி, எங்கள் காரைப் பெயின்ட் அடிக்க அரூரில் உள்ள அண்ணன் பட்டறையில் நான்தான் விடச் சொன்னேன். கதவைத் தகரம் தெரியத் தேய்த்திருந்த அன்று நல்ல மழை. வெறும் தகரத்தில் ஈரம் பட்டால் துருப்பிடிக்குமே என்று போனில் கேட்டேன்.

"பிரைமர் அப்பவே அடிச்சாச்சு பாப்பா. நீ புள்ளயப் பாரு, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தார். நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டுமோ?

நான்கே மாதத்தில் பெயின்ட் கொப்புளித்தது. சுரண்டினேன். பிரைமரே இல்லை, துருதான் உதிர்ந்தது.

அண்ணனைக் கேட்டால், "மாப்ளகிட்ட சொல்லிராத. புள்ள சைக்கிள இடிச்சு பெயின்ட் பேந்துருச்சுன்னு சொல்லிரு" என்கிறார்.

கணவர் இன்னும் கதவைக் கவனிக்கவில்லை. அவரிடம் நான் எப்படிப் பேச்சை எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.