பேப்பரில் வந்த முழங்கை

ரேஸ் கார் மெக்கானிக்கின் பிழைப்பும் கல்யாண வீட்டுச் சமையல்காரரின் பிழைப்பும் ஒன்றுதான்: சாப்பாடு நன்றாக இருந்தால் பெண்ணின் அப்பாவுக்குப் பாராட்டு, உப்பு ஜாஸ்தியானால் மட்டும் "யாருய்யா சமையல்?" என்று பின்பக்கம் தேடிக்கொண்டு வருவார்கள். அடுத்தவர் பேருக்காக உழைத்துத் தேய்ந்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் எழுதிய கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் சொல்லிக்கொடுத்த பையனை ஹெட்மாஸ்டர் தன் மாணவன் என்று மேடையில் நிறுத்தியிருப்பார். இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

முதல் கோப்பை

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை செங்கம் சாலையில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. வருவதெல்லாம் கிணற்று ஆயில் இன்ஜின், வாடகைக் கார், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற லாரி. என் பேர் கரீம். ஆனால் ஊருக்கு நான் வெறும் பாய். கீழ்பென்னாத்தூர் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்தவரின் மகன் தியாகராஜன் ஒருநாள் ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஊரில் டாக்ஸியாக ஓடுகிற அதே ஜாதி வண்டி. "எங்க மில் இன்ஜின் சத்தத்தக் கேட்டேன் பாய். அத சரி பண்ண கை இந்த வண்டியையும் தொடணும்" என்றார். மெட்ராஸுக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் கார் ரேஸ் நடக்கும். அதில் ஓட்ட வேண்டுமாம். புகழ்ச்சிக்கு மயங்காதவன் எவன்? பின் சீட்டைப் பிடுங்கினேன், கதவின் உள் தகட்டை அறுத்தேன், இன்ஜினைப் பிரித்து மூன்று மாதம் அதோடு குடும்பம் நடத்தினேன்.

பத்தே சுற்றுப் பந்தயம். எங்கள் வண்டி இரண்டாவதாக வந்தது. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்திருந்தது. கழுத்தில் மாலை, கையில் கோப்பையுடன் தியாகராஜன். பக்கத்தில் நான் நின்றிருந்தேன், அதுவும் அவரே தோளில் கை போட்டு நிறுத்தியதுதான். அச்சில் என்னை வெட்டிவிட்டார்கள். கிரீஸ் அப்பிய ஒரு முழங்கை மட்டும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். ஒரு வருத்தமாவது சொல்வார் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கை வந்திருக்குல்ல பாய்? நெறைய மெக்கானிக்குக்கு அதுவும் வர்றதில்ல."

பதினாலு கிலோமீட்டர் டிராக்

எங்கள் ஊரில் ரேஸ் டிராக் ஏது? மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் ரோடு இருக்கிறதே, அதுதான். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பௌர்ணமி அன்று கிடையாது, தீபத் திருவிழா பத்து நாளும் கிடையாது. மற்ற நாளில் மாட்டு வண்டிகள் வருவதற்குள் நாலைந்து சுற்று முடித்துவிடுவேன். மலை எப்போதும் என் வலது கைப் பக்கம். நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன்தான். ஆனால் இந்த ஊரில் பிறந்தவன் சைக்கிளில் போனாலும் மலையை அப்படித்தான் சுற்றுவான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ரோட்டில் இருக்கிற அடி அண்ணாமலையில் பேபியம்மா என்று ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அவர் கடை வாசலில்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவேன். சைலன்சர் இல்லாத வண்டி உறுமுகிற உறுமலில் அவர் வீட்டுக் கோழிகள் அடையை விட்டு எழுந்து ஓடிவிட்டன என்று ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை. எட்டாம் நாள் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, நிஜமான இரக்கத்தோடு கேட்டார்:

"ஒரு சுத்து சுத்தினாலே போதும்னு சொல்வாங்க. நீங்க தெனம் அஞ்சு சுத்து சுத்துறீங்களே பாய், அப்படி இன்னா பாவம் பண்ணீங்க?"

டாக்டர் சர்டிபிகேட்

ஒரு விடியற்காலை தியாகராஜனும் ஸ்டாப்வாட்சோடு வந்தார். அவர் ஒரு சுற்று ஓட்டினார், நான் நேரம் பார்த்தேன். நான் ஒரு சுற்று ஓட்டினேன், அவர் நேரம் பார்த்தார். வாட்சைத் திருப்பி என்னிடம் காட்டினார். அவரைவிட இருபது வினாடி சீக்கிரம் வந்திருந்தேன். அப்புறம் சிரித்துக்கொண்டு, "இந்தத் தடவ மூணு மணி நேர ரேஸ் ஒண்ணு வெக்கிறாங்க. ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர். மொத ஒன்றரை மணி நேரம் நான், அடுத்த ஒன்றரை மணி நேரம் நீங்க" என்றார்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அன்று ஷெட்டுக்குத் திரும்பி வந்தவன் ஒரு லாரியின் கிளச்சைத் தலைகீழாக மாட்டினேன். அதற்கு மேல் என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? என் மனைவி ஜைனப் வெள்ளை டிரில் துணி எடுத்து, மேலிருந்து கீழ் வரை ஒரே உடுப்பாகத் தைத்தாள். நெஞ்சுப் பைக்கு மேலே சிவப்பு நூலில் "கரீம்" என்று பூவேலை செய்தாள். என் பேரை எந்த இடத்திலும் அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. என் கல்யாணப் பத்திரிகையில்கூட அதைவிடச் சின்ன எழுத்துதான். ஒன்றரை மணி நேரம் அந்தப் பேரைப் போட்டுக்கொண்டு ஓட்டிவிட்டால் போதும், ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். மனசார நினைத்தேன்.

ரேஸ் லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள். எங்கள் டாக்டர் கண்ணைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டினார், எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒடம்பு நல்லா இருக்கு பாய். புத்தி எப்படின்னு எழுத இதுல எடம் வுடல."

முக்கால் கிலோ

மூன்று மணி நேரம் ஓட வேண்டுமென்றால் பெட்ரோல் டேங்க் பெரிதாக வேண்டும். என் தாய்மாமன் சாதிக் மாமு அலுமினியம் வெல்டிங்கில் கெட்டிக்காரர். ஹஜ்ஜுக்குப் போகப் பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டிய வாரத்திலும் மூட்டை கட்டுவதை விட்டுவிட்டு எனக்காக டேங்க் அடித்துக் கொடுத்தார். இன்ஜினின் பம்ப் இடது பக்கம் இருந்ததால், பெட்ரோல் வெளியே போகிற துளையை டேங்கின் இடது மூலையில் வைத்தோம். உள்ளே நிறுத்த மூன்று தடுப்புத் தகடுகளும் வெட்டி வைத்திருந்தார். "இது இல்லன்னா வளைவுல பெட்ரோல் ஊஞ்சலாடும்டா" என்றார்.

தகடுகளைத் தியாகராஜன் தராசில் போட்டுப் பார்த்தார். முக்கால் கிலோ. எடை கம்மி பண்ணுவதற்காகக் கதவுக் கைப்பிடியைக்கூடக் கழற்றி வைத்த மனிதர் அவர். முகம் சுருங்கிவிட்டது. இடையில் நான் புகுந்து, "தகடு இல்லாம ஓட்டிப் பாக்கறேன். ஒரு தடவ இருமினாலும் டேங்க்க அறுத்து உள்ள வெச்சுடலாம்" என்றேன். நான்தான் சொன்னேன். அதை இன்றுவரை வேறு யார் தலையிலும் கட்டவில்லை. மலையை நாற்பது சுற்று சுற்றினேன். டேங்க் நிறைய ஊற்றி ஓட்டினேன், பாதியில் ஓட்டினேன், கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டினேன். வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. தகடுகள் மூன்றும் பழைய இரும்பு மூலைக்குப் போயின. தியாகராஜனுக்குச் சந்தோஷம்:

"ரெண்டாவது டிரைவர் சீட்டுக்கு நீங்க குடுத்த வாடக இந்த முக்கால் கிலோன்னு வெச்சுக்கோங்க பாய்."

ஒன்றரை மணி நேரம்

பந்தயத்தன்று வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில் நின்றேன். வெயில் பொசுக்கியது. பக்கத்து வண்டிக்காரர்கள் என் நெஞ்சைப் பார்த்துப் பேரைப் படித்தார்கள். ஒருவர் "குட் லக் கரீம்" என்றார். பாய் என்று சொல்லவில்லை.

முதல் ஒரு மணி நேரம் தியாகராஜன் நன்றாகவே ஓட்டினார். மூன்றாவது இடம். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும், வண்டி இருமியது. டிரம் வைத்து அடையாளம் காட்டியிருந்த வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் இன்ஜின் மூச்சை விட்டுவிடும். நேர் ரோட்டுக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். உள்ளே வந்து நிறுத்தினார். கார்புரேட்டரைப் பிரித்தேன், பம்பைப் பார்த்தேன், பிளக்கை மாற்றினேன். நிற்கிற வண்டியில் பெட்ரோல் குழாய்த் தண்ணீராகக் கொட்டியது. எந்தக் குறையும் இல்லை. திரும்பப் போனார், திரும்ப இருமியது. மறுபடி வந்தார், மறுபடி பிரித்தேன். மூன்றாம் தடவை தூரத்து வளைவில் வண்டி அடியோடு நின்றது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்குச் சேர வேண்டிய ஒன்றரை மணி நேரம் அந்த நிமிஷம்தான் ஆரம்பித்திருந்தது.

"நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம், வெட்கம் என்ன? அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் மேல் வைத்துவிட்டு, போட்டியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது ஒரு பத்திரிகைக்காரர் வழிமறித்து என்ன கோளாறு என்று கேட்டார். தியாகராஜன் என் பக்கம் விரலை நீட்டினார். நெஞ்சில் இருந்த பேரைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"எழுதிக்கோங்க, வண்டிய ரெடி பண்ணது திருவண்ணாமலை கரீம்."

மாமு திரும்பி வந்தார்

அந்த வரி மறுநாள் பேப்பரில் அப்படியே வந்தது. இந்தத் தடவை யாரும் எதையும் வெட்டவில்லை. தியாகராஜன் வண்டியை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் மெக்கானிக் ஒருவரிடம் போய்விட்டார், டேங்கைக் கழற்றி என் ஷெட்டிலேயே போட்டுவிட்டு. நான் அதைத் தினம் பார்ப்பேன். ஊதிப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு ஊசி முனை அடைப்புகூட இல்லை. என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஒரு லாரிக்காரர் வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொன்னதற்கு, காதை மூடிக்கொண்டு ஓட்டு என்று கத்தி அனுப்பினேன்.

ஹஜ்ஜிலிருந்து சாதிக் மாமு திரும்பி வந்தார். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்ததும் டேங்கைக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். டேங்கை மடியில் வைத்துக்கொண்டு, பாதிக்குக் கீழே தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒரு பக்கமாகச் சாய்த்தார். தண்ணீர் இடது மூலைக்கு ஓடி, துளை வழியாக ஊற்றியது. "வலது பக்கம் வண்டி வளைஞ்சா இப்படி" என்றார். எதிர்ப்பக்கம் சாய்த்தார். தண்ணீரெல்லாம் வலது மூலைக்குப் போனது. துளையில் ஒரு சொட்டு இல்லை. "இடது பக்கம் வளைஞ்சா இப்படி. அந்த டிராக் எந்தப் பக்கமா சுத்தும்?"

இடது பக்கமாகத்தான் சுற்றும். எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் அங்கே நின்றவன் நான். மலை ரோட்டில் ஒன்றிரண்டு இடது வளைவு இருக்கிறது, ஆனால் அங்கே மாடு படுத்திருக்கும், மெதுவாகத்தான் போவேன். மீதி அத்தனை வளைவும் வலது பக்கம். நாற்பது சுற்று! வண்டியைத் திருப்பி ஒரே ஒரு சுற்று மறுபக்கமாகப் போயிருந்தால் போதும், முதல் வேகமான வளைவிலேயே இருமியிருக்கும். போகக் கூடாது என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அடைப்பு டேங்கில் இல்லை, என் தலைக்குள் இருந்தது. பந்தயத்தில் நடுநடுவே ஒரு கேன் பெட்ரோல் ஊற்றி, துளை மூழ்கும்படி டேங்கை நிரப்பியிருந்தால்கூட அந்த ஒன்றரை மணி நேரத்தை ஓட்டியிருப்பேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. மாமு சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் இப்பதான் கஃபாவ இடது கைப் பக்கம் வெச்சு ஏழு சுத்து சுத்திட்டு வரேன். நீ அப்படி ஒரு சுத்து சுத்தியிருக்கக் கூடாதாடா?"

வெள்ளை உடுப்பு இன்னும் பெட்டியில் இருக்கிறது, முழங்கையில் அன்றைய கிரீஸ் கறையோடு. வண்டி நன்றாக ஓடியவரைக்கும் வெறும் முழங்கையாக வந்த நான் முழுப் பேராக வருவதற்கு ஒரு தோல்வி தேவைப்பட்டது என்பதால், பேர் வேண்டும் என்று ஏங்குகிற என் இனத்தாருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை, உப்பைக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போடுங்கள்.