வார்டு வாசலில் அக்கா

மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது. மூன்று மாதக் குழந்தை. சாதாரணச் சளி என்றுதான் நான் இருந்தேன். சட்டையைத் தூக்கியவள் என் ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "பால் குடிச்சாளா கண்ணு?" என்றாள். வாய் வைத்ததும் விட்டுவிடுகிறாள் என்றேன். உடனே துண்டை எடுத்துக் குழந்தையைச் சுற்றினாள். காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கிளம்பிவிட்டோம்.

டாக்டரம்மா அதை பிராங்கியோலைட்டிஸ் என்றார். நுரையீரலின் மெல்லிய குழாய்கள் வைரஸால் வீங்கிச் சளி அடைத்திருக்கிறதாம். இதற்கென்று தனி மருந்து இல்லை. ஆக்சிஜன் வைத்து, மூக்கைச் சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் உள்ளே போனால் குழந்தை தானே தேறிவரும் என்றார். காத்திருப்பதுதான் வைத்தியம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவின் வாய்க்கு ஊரே பயப்படும். அந்த வாய் இப்போது வார்டு வாசலில் காவல் நின்றது. பார்க்க வந்த சொந்தங்களை, "சளி இருக்கறவங்க அப்படியே வூட்டுக்குப் போங்க. கொஞ்சறதெல்லாம் அப்பறம் கொஞ்சிக்கலாம்" என்று திருப்பி அனுப்பினாள். ஒரு தும்மல் போட்ட மாமனாரையும் விடவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் வராந்தாவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எம் பையன்தான் சளியக் குடுத்துட்டான் கண்ணு. மூக்கு ஒழுவ ஒழுவ, பாப்பா பாப்பான்னு மூஞ்சியெல்லாம் முத்தம் வெச்சான். நான் பாத்துச் சிரிச்சிட்டு நின்னேன்."

மூன்று வயதுப் பையன். அவனைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவள் என்னோடு இங்கே கிடந்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டுமோ என்னவோ, வரவில்லை.

"நானுந்தான் சிரிச்சேன்க்கா" என்றேன்.

மெல்ல மெல்லக் குழி விழுவது குறைந்தது. ஆக்சிஜனை எடுத்தார்கள். பசித்து வீறிட்டு மகள் அழுதபோது அக்கா கைகொட்டிச் சிரித்தாள்.

இன்று என் மகளும் அக்காவின் பையனும் பள்ளி வேனில் சன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். விலக்கிவிடப் போகும்போதெல்லாம் நாங்கள் வீடு திரும்பிய நாள் ஞாபகம் வரும். ஆட்டோ நின்றதும், தாய்வீட்டிலிருந்து அழைத்துவரப்பட்டிருந்த பையன் ஓடி வந்தான். அவனுக்குச் சளி விட்டிருந்தது. ஆனாலும் அக்கா பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அவன் உதடு பிதுங்கியது. நான் குனிந்து, துணிக்குள்ளிருந்து மகளின் பாதத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் அம்மாவைப் பார்த்தான்.

"கால்ல மட்டும்" என்றாள் அக்கா.

அவன் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக முத்தம் கொடுத்தான்.