கம்ப்யூட்டர் போட்ட சல்லடை

எண்பதுகளில் கோவைப் பட்டறை ஒன்றில், தகட்டில் துளை போடும் கம்ப்யூட்டர் மெஷினுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். போடி ஏலக்காய் மண்டி ஒன்றுக்குச் சல்லடை செய்து, நானே பஸ்சில் கொண்டுபோனேன்.

"ஓட்டை மயிரிழைகூடப் பிசகாது" என்று மண்டி முதலாளியிடம் அளந்துவிட்டேன்.

காய் சலிக்கும் பேச்சியம்மா நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்தினார். "அளவு சரிதேன் தம்பி. காய்த்தோலு பூராம் கிழியுதே! தகட்டைக் கையால தடவிப் பாக்கலையா?"

எரிச்சலோடு தடவினேன். விரலில் ரத்தம். துளை ஓரமெல்லாம் பிசிறு. அதை எடுக்கச் சொல்லி நான் எழுதவே இல்லை. மெஷின் என்ன செய்யும்?

இப்போது என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையிலேயே ஓட்டிக் காட்டி, "பெர்பெக்ட் சார்" என்கிறார்கள். தொட்டுப் பார்த்தாயா என்றால் விழிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்று, விரலில் ரத்தத்தோடு பேச்சியம்மா முன்னால் நானும் இப்படித்தான் விழித்தேன்.