குறையாத பால் பவுடர் டப்பா

அறுபதுகளின் கடைசியில் எனக்கு முதல் பிள்ளை பிறந்தாள். மூன்றாம் மாதமே லீவு தீர்ந்துவிட்டது. பாளையம்பட்டிப் பள்ளிக்குப் பாடம் நடத்தக் கிளம்பும்போது, அருப்புக்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு நெசவுக்கார அக்காவிடம் அவளையும் ஒரு பால் பவுடர் டப்பாவையும் விட்டுவிட்டுப் போவேன். இப்போதைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லியிருந்தார். சொல்வது சுலபம். அவர் எங்கள் தலைமையாசிரியரைப் பார்த்ததில்லை.

மதிய மணி அடித்ததும் டவுன் பஸ் பிடித்து ஓடி வருவேன். பிள்ளை என் மார்பில் வாயே வைக்க மாட்டாள். இப்படியே மறந்துவிட்டால் பால் வற்றிப்போகும், அப்புறம் டப்பாதான் கதி என்று பயந்தேன்.

"வெயில்ல ஓடி வாரீக டீச்சர். பாலு சூடாகிப்போகும். பீச்சி விட்டுட்டுக் குடுங்க" என்றார் அக்கா.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவதுதான். அறிவியல் பாடம் நடத்துகிற நானும் நம்பினேன். கறிவேப்பிலைச் செடியடியில் தினமும் பீச்சி விட்டேன். செடி நன்றாகத் தழைத்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. "கரைச்சுக் குடுத்தேன்" என்று அக்கா தினமும் சொல்வார். டப்பாவில் பவுடர் குறையவே இல்லை. ஸ்பூனால் பவுடர் மேல் ஒரு கோடு கிழித்து வைத்தேன். மறுநாளும் கோடு அப்படியே இருந்தது. பிள்ளையோ கொழுகொழுவென்று இருந்தாள். துப்பறிவதற்கென்றே அரை நாள் லீவு போட்டேன்.

வழக்கம்போலக் காலையில் கிளம்பிப் போய், ஒரு மணி நேரத்தில் திரும்பினேன். தெருவில் தறிக்கான நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். கஞ்சி காய்வதற்குள் பிரஷ்ஷால் இழுத்துவிட வேண்டும்; நடுவில் விட்டால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு பாவு பாழாகும். அக்காவும் இழுத்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தில் இரண்டு தூளி. ஒன்றில் என் மகள் வாயோரம் பால் வழியத் தூங்கினாள். மற்றதில் அக்காவின் ஐந்து மாத மகன் வீறிட்டு அழுதான்.

என்னைப் பார்த்ததும் அக்கா பிரஷ்ஷை நிறுத்தாமலே முந்திக்கொண்டு சொன்னார்.

"பவுடரத் துப்பிருது டீச்சர். பச்சப்புள்ளைய எம்புட்டு நேரம் அழவிட? நாங்க வேற சாதி, என்ன சொல்லுவீகளோன்னுதான் மறைச்சேன்."

"அப்ப ஒங்க மகனுக்கு?"

"இனிமே பாலு ஊறணும்."

நான் செடிக்கு ஊற்றியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. மரத்தடியிலேயே உட்கார்ந்து அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

"சூடா இருக்குமேக்கா" என்றேன்.

அக்கா பாவிலிருந்து நிமிரவில்லை. "குடிக்கானா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பக்கமும் குடித்து முடித்த பிறகுதான் அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.