முதல்நாள் தூக்கிய சீமெந்து

ஞாயிறு, காலை ஐந்து நாற்பது. முதலில் கண்டது, நானா தன் கடையின் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கி வருவதை. இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குபவரைப் போல ஒவ்வொரு படியாக வந்தார். நான் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை வடிகான் விளிம்பில் ஊன்றியபடி காத்திருந்தேன். இறங்கினால் திரும்ப ஏறுவது நிச்சயமில்லை.

“சிரிக்காதீங்க தம்பி,” என்றார், படியிலிருந்து கண்ணை எடுக்காமல். “கால் ரெண்டும் ஆர்ரயோ கால் மாதிரிக் கிடக்கு.”

“நான் சிரிக்கேல்ல நானா. சிரிச்சா வயிறு நோகுது.”

நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கிண்ணியாக்காரர். டவுனில் ஹாட்வெயார் கடை, மேல்மாடியில் வீடு. நாங்கள் இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஞாயிறுதோறும் ஓடும் ஒரு சைக்கிள் குழுவில் இருக்கிறோம். குழுவை நடத்துபவர் ஒரு விளையாட்டு ஆசிரியை. எங்களைவிட இளையவர், ஆனாலும் எல்லோருக்கும் டீச்சர். அடுத்த சனிக்கிழமை குழு மட்டக்களப்புக்குப் போகவிருந்தது. யார் சைக்கிளில் போவது, யார் சாமான்களோடு வான் வண்டியில் போவது என்பதை இந்த ஞாயிறு முடிவு செய்யும். கிண்ணியாப் பாலம் வரை போய்த் திரும்பி, கடைசியில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தைக் கால் ஊன்றாமல் முடிக்க வேண்டும். ஊன்றியவருக்கு வான்.

மட்டக்களப்பில் இருக்கும் தங்கையிடம், சைக்கிளில் வருவதாக நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவள் தன் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள்.

டீச்சர் இரண்டு மாதங்களுக்கு முன்பே விளக்கியிருந்தார்: “தூரம் மட்டும் ஓடினாக் காணாது. கிழமையில ரெண்டு நாள் காலுக்குப் பாரம் குடுங்கோ. அடுத்த நாள் காலுக்கு ஓய்வு குடுங்கோ. பாரம் தூக்கின கையோட தூரம் ஓட வெளிக்கிடாதேங்கோ.”

தூரம் ஓடுவது எங்களுக்குப் பிடிக்கும்; முடிவில் ரொட்டியும் தேநீரும் உண்டு. பாரம் தூக்குவதன் முடிவில் ஒன்றுமில்லை. ஆகவே அந்தப் பாதியைக் கிழமைக்குக் கிழமை பிற்போட்டோம். கடைசியில், பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகளைப் போல, எல்லாப் பாரத்தையும் ஓட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரத்தில் தூக்கினோம். அன்று கடைக்குச் சீமெந்து லொறி வந்திருந்தது.

வழக்கமாக மூட்டை இறக்கும் இருவரும் கதிரையில் அமர்ந்து பிளேன்டீ குடித்தபடி எங்களைப் பார்த்தார்கள்.

“முதலாளி, இந்த ஐயாவை நாளைக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றார் ஒருவர்.

“நாளைக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வரவேணும்,” என்றார் மற்றவர்.

ஞாயிறு ஓட்டம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தொடங்கியது. சமதரையில் கால்கள் சூடேறி நோவு மறைந்தது. சீனக்குடாவைத் தாண்டும்போது நானா பாடினார். பாலத்தில் காற்று எதிர்த்தது, அதையும் சமாளித்தோம். “டீச்சர் சும்மா வெருட்டினவ தம்பி,” என்றார் திரும்பும் வழியில்.

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தின் அரைவாசியில் நானா கால் ஊன்றினார். ஒன்றையல்ல, இரண்டையும். பிறகு ஒரு மதிலையும் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் கொஞ்சத் தூரம் போனேன். இரண்டு தொடைகளும் ஒரே நேரத்தில் இறுகின. கால் ஊன்றுவோம் என்று தீர்மானித்தேன், கால் வரவில்லை. சைக்கிள் நின்றது, சற்று யோசித்தது, பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டு இடப்பக்கப் புல்லில் படுத்தது.

நானா மதிலைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்து, ஏற்றத்தின் உச்சியில் நின்ற டீச்சரைக் கூப்பிட்டார். “டீச்சர், கால் ஊண்டக்கூடாது எண்டுதானே சட்டம்? பாருங்க, இவர்ர கால் ரெண்டும் இன்னும் பெடல்லதான்.”

“ஓம் டீச்சர்,” என்றேன் புல்லிலிருந்து. “நிலத்தில பட்டது தோள்தான்.”

டீச்சர் இறங்கி வந்து என் கால்களை இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். “நேற்று ரெண்டு பேரும் என்ன செய்தனீங்கள்?”

“ஒண்டும் செய்யேல்ல,” என்றார் நானா.

“உங்கட காதுக்குப் பின்னால சீமெந்து கிடக்கு நானா.”

நானா காதைத் தடவிப் பார்த்தார்.

“சரி,” என்றார் டீச்சர் என்னிடம். “நீங்கள் கால் ஊண்டேல்ல, ஒப்புக்கொள்ளுறன். அப்படியே கால் ஊண்டாமல் எழும்பி மிச்சத்தை ஓடுங்கோ.”

அடுத்த சனிக்கிழமை தங்கை ஒழுங்கை முகப்பில் அயலவர்களோடு, கையில் மாலையுடன் நின்றாள். நானாவும் நானும் இருந்த வான், சைக்கிள்களுக்கு இரண்டு மணித்தியாலம் முந்திப் போய்ச் சேர்ந்தது.