தேரடியில் மூன்றாவது அறிவிப்பு

திருவாரூர்த் தேரோட்டக் கூட்டத்தில் என் மூன்று வயது மகன் காணாமல் போனான். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்பவர் வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். நான் எழுதிக் கொடுத்ததை ஒருமுறை வாசித்தார். அடுத்த முறை மாற்றினார்.

“பலூன்காரரே, பக்கத்துல மஞ்சச் சட்டைப் பையன் நிக்கிறானா?”

“நான் எழுதினதையே படிங்க சார்!” என்று பதறினேன்.

“அதையே படிச்சா யாரு காதுலயும் ஏறாதும்மா” என்றவர், ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் தேரையே அண்ணாந்து பாக்குறீங்க. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, மஞ்சச் சட்டை போட்ட பெரிய மனுஷர் ஒருத்தர் அழுதுகிட்டிருக்காரு!”

சிரித்தபடியே கூட்டம் குனிந்தது. யாரோ ஒரு பெண் அவனைத் தூக்கி வந்தார்.

இப்போதும் மகனைச் சாப்பிட வரச்சொல்லி அதே வார்த்தையில் மறுபடி மறுபடி கூப்பிடும்போது நிறுத்திவிட்டு, வேறு வாக்கியம் தேடுவேன். அந்த மப்ளர்காரருக்கு வந்ததுபோல் எனக்கு வருவதில்லை.