மஜீதின் தரைத்தள அறை

மஜீத் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவன். கல்லூரி அலுவலகத்தில் தேர்வு வேலை முழுக்க அவன் கையில் இருந்தாலும், நான் அவன் என்றே எழுதுகிறேன். என் பெயர் அமிர்தம். முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவிட்டு, இப்போது அதே கல்லூரியில் முதலுதவி அறையைக் கவனித்துக்கொள்கிறேன்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் மஜீத் வீட்டாருக்கு ஜவுளிக்கடை. நான்கு ஆண்பிள்ளைகளில் மூன்று பேர் கடையைப் பார்க்கிறார்கள். இவனுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, இடது காலில் தொடைவரை இரும்புப் பட்டை. "நிக்க முடியாதவன் படிக்கட்டும்" என்று அவன் அத்தா படிக்க அனுப்பிவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவன் மேசை முதல் மாடியில் இருந்தது. கீழே ஓர் அறை வேண்டுமென்று மனு மேல் மனு கொடுத்து, ஒன்பதாவது வருஷம்தான் வாங்கினான். படி ஏறாமல் சரிவுப்பாதை வழியாக நுழையக்கூடிய அறைகள் எங்கள் கட்டடத்தில் இரண்டுதான். ஒன்று என்னுடையது, மற்றது அவனுடையது. தன் அறைக்குத் தானே பூட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். நாற்காலியை யாராவது நகர்த்தி வைத்தால் அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டான்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் வேண்டியதை ஏற்பாடு செய்வதும் அவன் வேலை. அப்படித்தான் பூமாலை வந்தாள். வெள்ளிமலைப் பெண், பி.காம். இரண்டாம் வருஷம். பிறந்ததிலிருந்தே கை காலில் விறைப்பு. வாக்கர் பிடித்து நடப்பாள், பேனா எடுத்தால் கை ஆடும். போன பருவத்தில் யாரையும் எதுவும் கேட்காமல் தானே எழுதினாள். பாதிக் கேள்விகளோடு நேரம் முடிந்து இரண்டு பாடத்தில் தோற்றாள். இந்த முறை மூன்று கேட்டாள்: தரைத்தளத்தில் இடம், அவள் சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மணி நேரம் கூடுதல். மூன்றுக்கும் விதியில் இடம் உண்டு.

மஜீத் மறுக்கவில்லை. தாள் கேட்டான். அடையாள அட்டை நகல் கொடுத்தாள், டாக்டர் சான்று வேண்டும் என்றான். சான்று வந்தது, அதில் எழுதும் கையைப் பற்றித் தனியாகக் குறிக்கவில்லை என்றான். அதையும் வாங்கி வந்தாள். ஒவ்வொரு முறையும் அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன்.

"இந்தத் தடவையும் போச்சின்னா எங்கப்பா கூட்டிக்கினு போயிடுவாரும்மா. அப்புறம் வூட்லயே உக்கார வேண்டியதுதான்" என்றாள் ஆட்டோவில். அழவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை மூன்று மணிக்கு அவன் அறைக்குப் போனேன். கோப்பு மேசைமேல் கிடந்தது. எல்லாத் தாளும் இருந்தன.

"இன்னும் இன்னா வரணும்?"

"சீலு பாதி போட்டோ மேல வுழணும்கா. கால்வாசிதான் வுழுந்துகினு இருக்குது."

"ஸ்கேல் வச்சி அளந்தியா?"

கோப்பை மூடி ஓரமாகத் தள்ளினான்.

"அந்தப் பொண்ணு மேல உனுக்கு இன்னா கோவம்?"

"கோவம்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப பொறாமையா?"

சிரிப்பான் என்று நினைத்தேன். பேனா மூடியைக் கழற்றி மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"நான் படிச்ச காலேஜுல பரீட்சை மூணாவது மாடியில. அறுவத்திரண்டு படி. கடைசி வருஷம் ரெண்டாவது மாடிகிட்ட பட்டை அந்துபோச்சு. உக்காந்துகினே ஏறுனேன். இருவது நிமிஷம் லேட்டு. உள்ள வுட்டாங்களேன்னு சந்தோஷமா எழுதுனேன்கா. அஞ்சு மார்க்குல போச்சு. இவ வந்து கேக்கறா, குடுத்துடணும். ஒரு மணி நேரம் ஜாஸ்தி வேற. கேக்கலாம்னே எனுக்குத் தெரியாது."

பேனாவை மேசைமேல் வைத்தான்.

"சரி, கீழ ரூமு எங்க இருக்குது? உங்க ரூமு மயங்கி வுழறவங்களுக்கு வேணும். மிச்சம் எது?"

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

"பொறாமைப்படு. அதால உடம்புக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா அஞ்சு மணிக்குள்ள தாளு போயிருக்கணும். போவலைன்னா பிரின்சிபால்கிட்ட நானே கால்வாசி சீல் கதைய சொல்லுவேன். உன் மேசைய என் ரூமுக்கு இழுத்துக்கலாம். பதினஞ்சு நாளுதான். வாந்தி நாத்தம் இருக்கும், பொறுத்துக்கோ."

நாலு ஐம்பதுக்கு அனுப்பினான். அறைச் சாவியை என் கையில் தரவில்லை. மருந்து அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் அனுமதி வந்தது. அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு முதல் பரீட்சை. மஜீத் என் அறை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எதிரே இருந்த தன் அறையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பூமாலை சொல்லச் சொல்ல முதலாம் வருஷப் பெண் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.

"என் சேர்ல உக்காந்துகினு இருக்கா."

"பின்ன தரையிலயா உக்காருவா?"

ஒரு மணிக்கு மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் கூச்சலோடு இறங்கி வந்தார்கள். மஜீத் காலின் இரும்புப் பட்டை சத்தம் போட எழுந்து வெளியே போனான். "உள்ள பரீட்சை நடக்குது, வாய மூடிக்கினு போங்க" என்று வராந்தாவையே காலி செய்துவிட்டுத் திரும்பினான்.

"அவளுக்கு நாலு மணி நேரம். எனுக்கு ரெண்டு மணி நாப்பது நிமிஷம்" என்றான் உட்காரும்போது.

ஒன்று முப்பத்தைந்துக்கு வாக்கர் வெளியே வந்தது. மஜீத் வாசலில் போய் நின்றான்.

"எங்க போற?"

"முடிச்சிட்டேன்ணே."

"இன்னும் இருவத்தஞ்சு நிமிஷம் இருக்குது."

"தெரியும்ணே. எல்லாக் கேள்வியும் எழுதியாச்சு, ரெண்டு தபா படிச்சும் பாத்தாச்சு. ரெண்டு மணி வெள்ளிமலை பஸ்ஸை வுட்டா அடுத்தது நாலரைக்குத்தான்."

"போய் உக்காரு. குடுத்த நேரத்த வேணாம்னு வுட்டுட்டு வர்றியா?"

பூமாலை அவனையும் அவன் காலையும் ஒருமுறை பார்த்தாள்.

"எனுக்குப் போதும்ணே. மிச்சத்த நீங்க வச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டில் நின்ற ஆட்டோவை நோக்கி வாக்கரைத் திருப்பினாள்.

சாப்பிடக் கூப்பிட நான் போனபோது மஜீத் தன் அறையில், தன் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோறு ஆறுது" என்றேன்.

"ரெண்டு ஆவட்டும்கா."

நான் போய்ச் சாப்பிட்டேன். இரண்டு மணி அடித்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு வந்து, சாவியை இந்த முறை என் கையிலேயே கொடுத்தான்.

"திங்கக்கெழம அவளுக்கு வேற சேர் போடச் சொல்லுங்க" என்றான். "அது என்னுது."